மருந்து கொடுத்தியா?

ஜூலை 30

ஆவுடை மதினி இன்று ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். கீழே ஆட்டோ வரைக்கும் தாமிராவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏறி உட்கார்ந்த பிறகும் கையை வெளியே நீட்டிக் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“மாத்திரைய மட்டும் மறந்துராத, கோமு. பசிக்கு எவ்வளவு அழுதாலும் மொதல்ல மாத்திரை. பெறவுதான் பால்.”

“சரி மதினி.”

“சரிங்காத. மனசுல வை.”

அம்மா இல்லாத எனக்குப் பிரசவம் பார்த்தது முழுக்க இவர்தான். என் கணவருடைய அக்கா. தன் வீட்டை, பிள்ளைகளை, மாட்டை எல்லாம் விட்டுவிட்டு மே மாதத்திலிருந்து இங்கே கிடந்தார். தாமிரா எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். பிறந்த மூன்றாம் வாரம் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில், கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி இவளுக்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அது சுரக்க வேண்டியதை மாத்திரையாகத் தினமும் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வருடம் மூளை வளர்வதே அதை வைத்துத்தான் என்று சென்னை ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் சொன்னார். மதினியே நசுக்கி, மதினியே கரைத்து, மூக்கு வைத்த எவர்சில்வர் சங்கில் ஊற்றிக் கொடுத்துவந்தார். போன வாரப் பரிசோதனையில் ரத்தத்தில் பார்க்கும் தைராய்டு எண் நன்றாக இறங்கியிருந்தது. “இப்படியே போகட்டும்” என்றார் டாக்டர்.

இனிமேல் நான்.

ஆகஸ்ட் 3

அவர் புனே போய்விட்டார். அங்கே கம்பெனி புதிதாக ஆலை தொடங்குகிறது. ஆறு மாதம். “போன் இருக்கு, வீடியோ இருக்கு, பக்கத்துல இருக்க மாதிரிதான்” என்றார்.

எங்கள் வீடு பதினோராவது மாடி. ஒரகடத்தில் இந்தக் கட்டடம் கட்டி முடித்து இரண்டு வருடம் ஆகியும் பாதிக்கு மேல் ஆள் வரவில்லை. எங்கள் மாடியில் நாங்கள் மட்டும்தான். லிஃப்டு திறந்தால் எங்கள் வீட்டுச் செருப்புகள் மட்டும் தெரியும்.

ஆகஸ்ட் 11

தடுப்பூசி. சந்திப்பில் இருக்கும் கிளினிக்கில்தான் போட்டேன். இதற்காகச் சென்னைவரை போக முடியாது. எடை கூடியிருக்கிறது. குறைமாதக் குழந்தை என்றதும் அந்த டாக்டர் இரும்புச்சத்துச் சொட்டு ஒன்றும் கால்சியம் சொட்டு ஒன்றும் எழுதித் தந்தார். தினம் ஒரு வேளை.

தொடை வீங்கி மதியம் முழுக்க அழுதாள். ஈரத்துணி வைத்தேன்.

ஆகஸ்ட் 14

இரும்புச் சொட்டு பெரிய பாடாக இருக்கிறது. நாக்கில் பட்ட உடனே முகத்தைச் சுளித்துத் துப்புகிறாள். சட்டை, தலையணை உறை எல்லாம் துருக்கறை. காலையில் மாத்திரைக்கு ஓர் அழுகை, இரும்புக்கு ஓர் அழுகை, கால்சியத்துக்கு ஓர் அழுகை.

இன்று ஒரு வழி கண்டுபிடித்தேன். மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் மாவாக நசுக்கி, சங்கில் போட்டு, கொஞ்சம் தாய்ப்பால் விட்டுக் கரைத்து, அதிலேயே இரும்பு, கால்சியம் இரண்டு சொட்டு மருந்தையும் விட்டேன். ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டது. ஒரே அழுகையில் முடிந்தது. சங்கை மறுபடி கொஞ்சம் பாலால் அலசி அதையும் கொடுத்தேன். ஒரு துளிகூட வீணாகவில்லை.

போனில் அவரிடம் சொன்னேன். “பரவால்லியே” என்றார்.

ஆகஸ்ட் 22

யாருமே வரவில்லை. தண்ணீர்க் கேன் போடுகிறவர்கூட கதவுக்கு வெளியே வைத்துவிட்டு மணி அடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

செப்டம்பர் 5

கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி ஒன்றின் புகார் எண்ணில் பேசும் வேலை. காலையில் உட்கார்ந்தால் மாலைவரைக்கும் பேச்சுத்தான். ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று திட்டுகிறவர்கள், வாஷிங்மெஷின் சுற்றவில்லை என்று அழுகிறவர்கள். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே பிடிக்காது.

இன்று மதியம்வரை ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை என்பது அவர் போன் வந்து “ஹலோ” சொன்னபோதுதான் தெரிந்தது. குரல் அடைத்துக்கொண்டு வரவில்லை.

“சளி பிடிச்சிருக்கா?” என்றார்.

“ஆமா” என்றேன்.

“மருந்து கொடுத்தியா?”

“கொடுத்தேன்.”

துணியை இப்போது ஹாலில் கயிறு கட்டித்தான் காயப்போடுகிறேன். பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டேன். அங்கே காற்று அதிகம்.

செப்டம்பர் 16

தாமிரா இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறாள். பாலுக்கு எழுப்ப வேண்டியிருக்கிறது. அழுதால்கூடக் குரல் கரகரவென்று சின்னதாக வருகிறது. மலம் கழிப்பதுதான் நாலு நாளைக்கு ஒரு முறை. மதினியிடம் போனில் சொன்னதற்கு, “தாய்ப்பால் குடிக்க பிள்ளைக்கு அப்பிடித்தான் இருக்கும்” என்றார். சமர்த்துப் பிள்ளை. அம்மாவைத் தொந்தரவு செய்யாத பிள்ளை.

அவள் தூங்கும்போது நானும் படுத்துக்கொள்கிறேன். எழுந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது. எனக்குச் சமைக்கத் தோன்றவில்லை. அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன்.

செப்டம்பர் 27

சென்னை ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்து, ரிசல்ட் வரும்வரை நாற்காலியில் காத்திருந்தேன். பெரிய டாக்டர் சுந்தரவரதன் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“போன தடவை நார்மலா இருந்ததும்மா. இப்போ ஏன் இவ்வளவு ஏறியிருக்கு?”

அந்த எண் ஏறினால் மருந்து போதவில்லை என்று அர்த்தம்.

“டெய்லி குடுக்குறீங்களா?”

“கொடுக்கேன் சார்.”

“வெறும் வயித்துல?”

“ஆமா சார்.”

“வேற ஏதாவது மருந்து குடுக்குறீங்களா?”

“இல்ல சார். வேற மருந்து ஒண்ணும் இல்ல.”

“வீட்ல யார் இருக்காங்க?”

“நான் மட்டும்தான்.”

அவர் எதையோ எழுதினார். ஒன்றரை மாத்திரையை இரண்டாக்கினார். குழந்தை வளர்ந்திருப்பதால் இருக்கலாம், மூன்று வாரத்தில் மறுபடி பார்ப்போம் என்றார். ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் கதவுவரை போன என்னைக் கூப்பிட்டு, “இந்த மருந்து ஒரு நாள்கூட விடக் கூடாதும்மா. இப்போ போறது திரும்ப வராது” என்றார்.

பஸ்ஸில் அந்த வார்த்தையோடுதான் வந்தேன்.

செப்டம்பர் 28

“அக்கா இருந்த வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு” என்றார் அவர் போனில்.

“இப்பவும் அப்பிடியேதான் கொடுக்கேன்.”

“நான் ஒண்ணும் சொல்லலியே. இருந்துச்சுன்னுதான் சொன்னேன்.”

அக்டோபர் 6

இன்று ஒரு பயம் வந்தது. சங்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். கொடுத்துவிட்டுக் கழுவினேனா, நேற்றுக் கழுவியதா? மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். காலியான குழிகள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் எடுத்த மாத்திரையை எங்கே போட்டேன்? அடுப்படியில் தேடினேன். குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். குழந்தையின் வாயை மோந்து பார்த்தேன். இரும்பு வாசனை அடித்தது. கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 18

இன்னும் ஏறியிருக்கிறது.

டாக்டர் என்னிடம் அதிகம் பேசவில்லை. என் கணவருடைய போன் எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். என் எதிரிலேயே புனேக்குப் பேசினார். ஆங்கிலத்தில் பேசினாலும் எனக்குப் புரியாமல் இல்லை. மருந்தை மூன்றில் ஒரு பங்கு ஏற்றிய பிறகும் இறங்காவிட்டால் பெரும்பாலும் ஒரே காரணம்தான், மருந்து உள்ளே போவதில்லை. பிரசவத்துக்குப் பின் சில தாய்மார்களுக்கு மனம் சரியாக இருக்காது, திட்டாதீர்கள், யாரையாவது துணைக்கு வையுங்கள். இதெல்லாம் நல்ல மனதோடு சொன்னதுதான். நான் தாமிராவின் சட்டைப் பொத்தானைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது இரண்டரை மாத்திரை.

அக்டோபர் 19

அவர் போனில் பேசினார். மதினி வருகிறாராம். இனி மாத்திரையை மதினிதான் கொடுக்க வேண்டுமாம். அடுத்த ரிசல்ட் நன்றாக வந்தால் தாமிராவை மதினி தன் ஊர் சங்கரன்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவது நல்லதாம். “நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு.”

“நான் கொடுத்தேன்” என்றேன்.

“கோமு, உன்னக் குத்தம் சொல்லல. உனக்கே தெரியாம விட்டுப்போயிருக்கலாம்லா?”

உண்மையாகவே, இருக்கலாமோ என்று தோன்றியது.

அக்டோபர் 22

மதினி வந்துவிட்டார். பையைக்கூடக் கீழே வைக்காமல் குழந்தையை வாங்கினார். முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன இப்பிடி ஊதியிருக்கா? தோலெல்லாம் வறண்டு போயி.”

அடுத்ததாக என் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அக்டோபர் 23

காலையில் மதினிக்குச் செய்து காட்டினேன். நசுக்குவது, கரைப்பது, இரண்டு சொட்டு மருந்தையும் அதிலேயே விடுவது, கடைசியில் அலசிக் கொடுப்பது.

“இது நல்ல யோசனைதான்” என்றார். “ஒரே அழுகையோட தீந்துரும்.”

சங்கை அவர் கையில் கொடுத்துவிட்டேன். மாத்திரை டப்பாவையும் அவர் தன் பையில் வைத்துக்கொண்டார். திருடியதைத் திருப்பிக் கொடுப்பதுபோல இருந்தது எனக்கு.

நாளை முதல் காலையில் எனக்கு வேலை இல்லை.

அக்டோபர் 27

சாதம் வைக்க அரிசி எடுக்கப் போன மதினி டிரம்முக்குள்ளிருந்து ஒரு சாவியோடு வந்தார்.

“இது எந்தச் சாவி?”

“பால்கனி.”

“அரிசிக்குள்ள ஏன் கெடக்கு?”

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மதினி பூட்டிய கதவைப் பார்த்தார், ஹாலில் கட்டியிருந்த துணிக்கயிற்றைப் பார்த்தார். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். கேட்பார் என்று நினைத்தேன். சாவியைச் சேலை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு முன்னால் இருந்த வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்து உரிக்க ஆரம்பித்தார்.

அவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் நல்ல காரம்.

நவம்பர் 2

மதினியும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். இன்று இரண்டு அட்டையிலும் போட்டிருந்த மைக்ரோகிராம் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதறினார்.

“எனக்கு எழுவத்தஞ்சு. இந்தப் பச்சப் பிள்ளைக்கு அறுவத்திரண்டரையா? என் ஒடம்பு என்ன, இவ ஒடம்பு என்ன? டாக்டர் தப்பா எழுதியிருப்பாரோ?”

எனக்கும் தெரியவில்லை. ஆனால் மதினி ஒரு நாளும் குறைக்கவில்லை. பல் விளக்கிய கையோடு குழந்தையை மடியில் போட்டு, காலை இடுக்கிக்கொண்டு, மூக்கைப் பிடிக்காமல், பைய, கன்னத்தின் ஓரமாகச் சங்கைச் சாய்த்துக் கொடுக்கிறார். நான் கதவோரம் நின்று பார்க்கிறேன். என்னைவிட நன்றாகக் கொடுக்கிறார். இவர் கையில் நிச்சயம் எண் இறங்கும். இறங்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இறங்கினால் தாமிராவைக் கொண்டுபோய்விடுவார் என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே மனதில் நினைக்க முடிகிறது.

நவம்பர் 11

நாளை சென்னை. தாமிராவின் துணிகளை எல்லாம் துவைத்து மடித்து ஒரு பையில் வைத்தேன். மதினி சொல்லவில்லை. நானாகத்தான் வைத்தேன்.

நவம்பர் 12

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

பெரிய டாக்டர் ஏதோ மாநாட்டுக்கு வெளியூர் போயிருந்தார். அவருக்குப் பதிலாகத் தஸ்னீம் என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். ரிசல்ட்டைப் பார்த்தார். பழைய காகிதங்களைப் புரட்டினார்.

“இறங்கலையேம்மா” என்றார். “போன தடவை இருந்த அதே அளவுலதான் நிக்குது.”

நான் மதினியைப் பார்த்தேன். மதினியின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

“எப்பிடிம்மா? நான்லா கொடுத்தேன்?” என்றார். “என் கையால கொடுத்தேன். ஒரு நாள் தப்பல. ஒரு சொட்டு சிந்தல.” குரல் உயர்ந்துகொண்டே போனது. “நான் பொய் சொல்லுவனா? எம் தம்பி பிள்ளைக்கு நான் கொடுக்காம இருப்பனா?”

யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதமாக நான் செய்ததும் அதைத்தான். ஆனால் நான் ஒரு தடவைகூட இவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை.

பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் தஸ்னீம், “யாரும் பொய் சொல்றீங்கன்னு நான் நினைக்கல” என்றார். “உக்காருங்க. குடுக்குறீங்கன்னு தெரியுது. எப்படிக் குடுக்குறீங்க? காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்க.”

மதினி என்னைப் பார்த்தார். “நீ சொல்லு கோமு. நீதான எனக்குக் காட்டித் தந்த.”

சொன்னேன். இரண்டு கரண்டி. நசுக்குவது. சங்கு. தாய்ப்பால். “பெறவு அதுலயே ரெண்டு சொட்டு மருந்தும் விட்டு...”

“என்ன சொட்டு?”

“சத்து மருந்துதான் டாக்டர். இரும்பும் கால்சியமும். எங்க ஊர் கிளினிக்ல கொடுத்தாவ.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். “எப்ப இருந்து?”

“ஆகஸ்ட்ல இருந்து.”

“மூணையும் ஒண்ணாவா?”

“ஒரே அழுகையில முடிஞ்சிரும்னு...”

அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இரும்பும் கால்சியமும் இந்த மாத்திரையைக் குடலுக்குள்ளயே பிடிச்சு வெச்சுக்கும்மா. ரத்தத்துக்குப் போக விடாது. வாய்க்குள்ள போயிருக்கு. உடம்புக்குள்ள போகல. அவ்வளவுதான். நீங்க ஒரு நாள்கூட விடல. பாதிக்கு மேல அப்படியே மலத்துல வெளிய போயிருக்கு.”

மதினி, “அப்ப இவ கொடுத்தா” என்றார்.

“ரெண்டு பேரும் கொடுத்திருக்கீங்க.”

“இல்ல டாக்டர். இவ கொடுத்தா. அதைச் சொல்லுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க குடுத்தீங்க, சங்கரகோமதி.”

கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு முழுப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அழுகை வரவில்லை. காதில் இரைச்சல் மட்டும் வந்தது.

இனி காலையில் மாத்திரை மட்டும். இரும்பும் கால்சியமும் மாலையில், குறைந்தது நாலு மணி நேரமாவது தள்ளி. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் பயமாக இருந்தது. மாத்திரையை இரண்டரையிலிருந்து இரண்டாகக் குறைத்தார்.

“இறங்கவே இல்லியே டாக்டர், குறைக்கீங்களே?”

“இதுவரைக்கும் உள்ள போகாததால ஏத்திட்டே வந்தாங்க. இனி முழுசா உள்ள போகும். அதே அளவு குடுத்தா அதிகமாயிடும். இதயம் படபடன்னு அடிக்கும், எடை இறங்கும், தூக்கம் போயிடும்.”

மதினி தன் சந்தேகத்தையும் கேட்டுவிட்டார். எழுபத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசம்.

“குழந்தைங்க சின்ன சைஸ் பெரியவங்க இல்லம்மா. உங்க மாத்திரையை எடைக்கு எடை வகுத்து இவளுக்குக் குடுக்க முடியாது. இவ உடம்பு இதை வேகமா செலவு பண்ணும். வளர்ற உடம்பு. ஒரு கிலோவுக்கு உங்களை மாதிரி ஆறேழு மடங்கு வேணும். சில மருந்துல தலைகீழா இருக்கும், பச்சைக் குழந்தை உடம்பு அதை வெளியேத்தவே ரொம்ப நாள் எடுக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு. அதனாலதான் எதைக் குடுத்தாலும் எங்ககிட்ட சொல்லணும். சத்து மருந்தும் மருந்துதான்.”

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இந்த மூன்று மாதத்தில் மூளைக்கு?

டாக்டர் கீழே பார்க்கவில்லை. “தெரியாதும்மா. கொஞ்சம் உள்ள போயிருக்கு, முழுக்க இல்லாம போகல. அது நல்லது. ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு இன்னிக்கு நான் சொன்னா பொய்யாயிடும். பாத்துட்டே இருப்போம்.”

நவம்பர் 13

அவர் போன் செய்தபோது மதினி எடுத்தார்.

“எலே ராசு, எண்ணு எறங்கல... ஆமா, நான்தான் கொடுத்தேன்... இப்ப என்ன, என்னையும் கேளு. கொடுத்தியான்னு கேளுல! என்னக் கேக்க மாட்ட, என்ன?... அவளக் கேட்டல்லா?”

பிறகு விஷயத்தைச் சொன்னார். போனை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து அவர், “மாத்திரையை ஏன் குறைச்சாங்க? பெரிய டாக்டர் வந்த பெறவு கேட்டுட்டுக் குறைக்கலாமே?” என்றார்.

“குறைக்கத்தான் செய்யணும். எனக்குப் புரிஞ்சிருக்கு” என்றேன்.

நவம்பர் 14

மாத்திரை டப்பாவை மதினி என் கையில் கொடுத்துவிட்டார். காலையில் நானே கொடுத்தேன்.

நவம்பர் 19

இன்று எனக்காக ஆஸ்பத்திரி போனேன். மதினிதான் டாக்டர் தஸ்னீமிடம் கேட்டு, அவர் சொல்லிய மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நான் மட்டும்தான் போனேன். பால்கனியைப் பற்றிச் சொன்னேன். காற்றுக்காகப் பூட்டவில்லை என்றேன். இங்கேயும் அதை இதுவரை எழுதவில்லை. அங்கே நின்றால் கீழே பார்க்கத் தோன்றும், பார்த்தால் நகரத் தோன்றாது. அதனால் பூட்டிச் சாவியை அரிசிக்குள் புதைத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனதே இல்லை. அதையும் சொன்னேன்.

மாத்திரை எழுதினார். “நான் பால் கொடுக்கேன். அவளுக்குப் போகாதா?” என்று கேட்டேன். ரொம்பக் கொஞ்சம்தான் பாலில் இறங்கும், குழந்தைக்குத் தெரியவே தெரியாத அளவு, இதை எழுதியதே அதனால்தான் என்றார். தாமிராவின் மாத்திரைப் பெயர், இரும்பு, கால்சியம், வைட்டமின், கசாயம் குடித்தது எல்லாவற்றையும் நானாகவே சொன்னேன். சிரித்துவிட்டார்.

நவம்பர் 25

மழை. கீழே பாதை முழுக்கத் தண்ணீர். தாமிரா மூன்று நாளாகத் தினமும் மலம் கழிக்கிறாள். மதினி அதை ஊருக்கெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 28

நேற்று ஆறு தடவை பாலுக்கு அழுதாள். தொண்டை திறந்து அழுகிறாள். இத்தனை நாள் சமர்த்து என்று நினைத்தேனே. அது சமர்த்து இல்லை.

டிசம்பர் 4

இறங்கிவிட்டது. முழுக்க இல்லை. ஆனால் நன்றாக இறங்கிவிட்டது.

பெரிய டாக்டரும் இருந்தார். “நான் வேற மருந்து இருக்கான்னு கேட்டேன், நீங்க இல்லைன்னீங்க” என்றார். பிறகு, “ஆனா நான் இன்னொரு தடவை வேற மாதிரி கேட்டிருக்கணும்” என்றார். தலையசைத்தேன்.

தாமிராவின் முன்னால் சிவப்புக் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் திருப்பினாள். கை நீட்டக் கொஞ்சம் தாமதமாகிறது. உட்கார வைத்தால் இடது பக்கம் சாய்கிறாள். எழுதிக்கொண்டார்கள். குறைமாதத்தால் இருக்கலாம் என்றார்கள். அந்த “லாம்” என்னோடு வீட்டுக்கு வந்தது.

டிசம்பர் 9

மதினி கிளம்பிவிட்டார். பால்கனிச் சாவியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். “பொங்கலுக்கு வரும்போது கொண்டாரேன்.” தாமிராவின் துணிப்பையைப் பிரித்து எல்லாவற்றையும் அலமாரியில் அடுக்கிவிட்டுத்தான் போனார்.

தினம் இரண்டு வேளை போன் செய்கிறார். “மருந்து கொடுத்தியா?” என்று கேட்கிறார். “ரெண்டு பேருக்கும் கொடுத்தேன்” என்கிறேன்.

டிசம்பர் 15

கீழ்மாடியில் இரண்டாவது வீட்டில் இருக்கும் பெண்ணோடு லிஃப்டில் பேசினேன். ஒடிசாக்காரர். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. மழை, மழை என்று இரண்டு பேரும் கையால் காட்டிக்கொண்டோம்.

மதியம் யாரும் இல்லை. தாமிராவிடம் பேசினேன். பழைய வேலைக் குரலில், “வணக்கம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?” என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 21

அவர் பத்து நாள் விடுப்பில் வந்திருக்கிறார்.

காலையில் கதவைத் திறந்தபோது தாமிரா என் இடுப்பில் இருந்தாள். நாலரை மாதத்தில் ஆள் இளைத்திருந்தார். தாடி விட்டிருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினார்.

“எங்க ராசாத்தி, அப்பாட்ட வா.”

என்னிடம் சொல்ல மன்னிப்பு மாதிரி ஏதாவது வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பார். கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் முதலில் குழந்தை என்று நினைத்திருப்பார்.

தாமிரா அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. அவர் இன்னும் ஓர் அடி முன்னால் வந்து அவள் கக்கத்தில் கை கொடுத்தார்.

வீறிட்டாள். அந்த மாதிரி அவள் அழுது நான் கேட்டதே இல்லை. இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை என் தோளில் புதைத்து, காலால் அவரை எட்டி உதைத்தாள். ஆளில்லாத மாடி முழுக்க அந்தச் சத்தம் போனது.

அவர் கையை எடுத்துக்கொண்டார். முகம் விழுந்துவிட்டது. “என்னத் தெரியலியே அவளுக்கு” என்றார். “போன்ல தினம் பாத்தாளே.”

ஆறுதல் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டேன். அவர் பயந்துபோய், “கோமு, என்ன? என்னாச்சு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லங்க” என்றேன். “அவளுக்கு ஆள் தெரியுது.”

“என்ன?”

“யாரு வேத்தாளு, யாரு தன்னோட ஆளுன்னு தெரியுது. இந்த வயசுல தெரியணும், அது மூளை வளருததுக்கு அடையாளம்னு டாக்டர் சொன்னாவ. தெரியுது.”

அவர் புரியாமல் நின்றார். பிறகு புரிந்தது. வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

நான் அவரைத் தொடவில்லை. தொட முடியாமல் கை முழுக்கக் குழந்தை இருந்தாள். என் கழுத்தை விடாமல், தோளுக்கு மேலிருந்து ஒரு கண்ணால் மட்டும் அவரை எட்டிப் பார்த்து, பார்த்துவிட்டு மறுபடி மறுபடி அழுதுகொண்டிருந்தாள். நான் அவளை அமர்த்தவே இல்லை.